அந்த ‘னி’யா, இந்த ‘நி’யா?

மனசு நிறைந்த வாரம் இது. டிசம்பர் 16, 1971 போரின் வெற்றி நாள் வருகிறதல்லவா, அதற்காகச் சூலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் போர் வீரர்களின் பெயர் பொறித்த கல் நடுகிறார்கள். கல் தயாராவது திருமுருகன்பூண்டியில், ஒரு சிற்பக் கூடத்தில். போய்ப் பார்த்தேன். ஓர் எழுத்துகூடப் பிழையில்லை.

இதற்கா இத்தனை மகிழ்ச்சி என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். ‘வீரவனக்கம்’ என்று அடித்து மாட்டிய ஃபிளெக்ஸ் பேனர்களைப் பற்றி இங்கே எத்தனையோ முறை எழுதியாயிற்று. நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவனுக்கு ஒரு மூன்று சுழி ‘ண’ கொடுக்க மனம் வரவில்லையே என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கல்லில் முதல் பெயர் நிர்மல் ஜித் சிங் சேக்கோன். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமான தளத்தின்மேல் பாகிஸ்தானின் ஆறு சேபர் விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்தபோது, அதற்கு நடுவிலேயே தன் நேட் விமானத்தைக் கிளப்பிக்கொண்டு போனவர். விமானத்தின் சிதைவு மலையிடுக்கில் கிடைத்தது; உடல் கிடைக்கவேயில்லை. விமானப் படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். பஞ்சாப்காரருக்குச் சூலூரில் எதற்குக் கல் என்றால், அவருடைய 18-வது ஸ்குவாட்ரன்தான் 2020-ல் தேஜஸ் விமானங்களோடு நம் சூலூரில் மறுபடி உயிர் பெற்றது.

‘சேகோன்’ என்றுதான் முதலில் எழுதிக் கொடுத்திருந்தார்களாம். இடையில் நிற்கும் ஒற்றைக் ககரத்தை நம் பிள்ளைகள் ‘சேஹோன்’ என்றுதானே படிப்பார்கள்? ஒரு ‘க்’ போடச் சொன்னவர் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வெற்றி நாளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். இனி அவரைப் பற்றித்தான்.

பெயர்க் கல்லாகட்டும், கல்யாண மண்டபத்துக் கல்வெட்டாகட்டும், உளி வைக்கும் முன் இவரைக் கூட்டிவந்து காட்டுவது அந்தக் கூடத்து வழக்கம். காசு வாங்குவதில்லை. கருங்கல்லில் பெயிண்டால் எழுதி வைத்திருந்த வரிகளை விரலால் தொட்டுத் தொட்டு, எழுத்தெழுத்தாக வாசித்தார். கல்வான் பள்ளத்தாக்கில் 2020 ஜூன் 15 அன்று உயிரிழந்து வீர் சக்ரா பெற்றாரே, ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி, அவர் பெயரில் விரல் நின்றது.

“ஏந்தம்பி, இது அந்த ‘னி’யா, இந்த ‘நி’யா?”

“மலைக்கோயில் ஊர்ல ரெண்டு மாதிரியும் எழுதறாங்களேங்க ஐயா.”

“ஊர் கெடக்குதப்பா. அவங்க வீட்ல எப்படி எழுதறாங்க?”

பள்ளிக்காரர்கள் விசாரித்துச் சொல்லும்வரை அந்த வரியில் உளி இறங்கவில்லை. கல்லில் ஒரு சுழி தப்பினால் முகம் முழுவதையும் செதுக்கி இறக்க வேண்டும். அவர் கவலை அதுவல்ல. இலக்கணப்படி எது சரி என்று அவர் பார்க்கவில்லை, அந்தப் பையனை அவன் அம்மா எந்த எழுத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள் என்று பார்த்தார்.

இத்தனைக்கும் அவர் தனித்தமிழ்க்காரர். பேச்சில் வடவெழுத்து வாடை ஆகாது. ஆனால் 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் மார்பில் குண்டு வாங்கிய பிறகும் போராடி மடிந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பெயரில் அந்த ‘ஸ்’ அப்படியே இருக்கிறது. “அது அவரு பேரு. நம்ம கொள்கைக்கு அவரு என்னங்க பண்ணுவாரு?”

அவர் மேசையில் அட்டை போன ‘நல்ல தமிழ் எழுத வேண்டுமா?’ இருந்தது. அ.கி. பரந்தாமனார் எழுதியது. அதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று தெரிந்தும் படிக்கிறீர்கள், நன்றி. வல்லினம் எங்கே மிகும், எங்கே மிகாது என்று அந்தப் புத்தகத்தைப் போல் கைபிடித்து நடத்திச் சென்ற ஆசான் எனக்கு வேறு இல்லை. சந்தேகம் வந்தால் பிரிக்கிறேன்; சந்தேகம் தீர்ந்த பிறகும் நாலு பக்கம் படித்துவிட்டுத்தான் மூடுகிறேன். ஆனாலும் ‘கே’ என்ற இனிஷியல் கந்தசாமியா, காளியப்பனா, குப்புசாமியா என்று எந்த இலக்கண நூலும் சொல்லாது. வீட்டைத்தான் கேட்க வேண்டும். கார்கிலில், 1999 மே 29 அன்று பட்டாலிக்கில் வீழ்ந்து, ஒரு மாதத்துக்கு மேல் பனியில் கிடந்தாரே மேஜர் சரவணன், அவரை வெறும் ‘எம்.’ என்று விடாமல் மாரியப்பன் சரவணன் என்று முழுப்பெயராகவே எழுதச் சொல்லியிருக்கிறார் வாத்தியார்.

கல் நடுவதற்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை என்று ஆறு படிகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. பிழை பார்த்தலையும் ஏழாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றேன். வாத்தியார் பதில் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

அடுத்த வரி என் பழைய குறை. திருச்செங்கோடு குமாரமங்கலம் ஜமீன் பிள்ளை, இரண்டாம் உலகப் போரில் டி.எஸ்.ஓ. பதக்கம் வாங்கியவர், ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிடிபட்டு இத்தாலியிலும் ஜெர்மனியிலும் போர்க் கைதியாகக் கிடந்தவர், 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதி. நம் கோவையின் எம்.பி.யாக இருந்த பார்வதி கிருஷ்ணனின் அண்ணன். எத்தனை கொங்குப் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியும்? அந்தக் கல்லில் ‘பி.பி.’ இல்லை. பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் என்று முழுசாக இருக்கிறது.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கல் இருக்கும். பெயர்களை ஒருமுறை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். சந்தேகமாக இருந்தால் அந்த வீட்டில் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். வாத்தியார் வரத் தயார். பஸ் ஏற்றிக் கூட்டிவருவது என் பொறுப்பு.