எல்ஃபுகள் மதியம் என்ன சாப்பிடுவார்கள்?

‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ பார்த்தவர்களுக்கு எல்ஃபுகளைத் தெரியும். கூர்மையான காது, நீண்ட கூந்தல், கையில் வில், கசங்காத அங்கி. அடர்ந்த காட்டில் வாழ்கிறார்கள். சரி, இவர்களில் யாராவது களை பறித்தோ, துணி துவைத்தோ பார்த்திருக்கிறீர்களா? அந்த அங்கிக்கு நூல் எங்கிருந்து வந்தது?

சும்மா ஜாலிக்குக் கேட்பது போலத் தோன்றலாம். ஆனால் விஷயம் கொஞ்சம் சீரியஸ்.

இந்த எல்ஃபுகளைப் படைத்த டோல்கீன் இதை யோசித்திருக்கிறார். 1937இல் வந்த ‘தி ஹாபிட்’ நாவலில், காட்டு எல்ஃபுகள் உழவில் பெரிதாக அக்கறை காட்டாதவர்கள். அதனால் ஒயினும் மற்ற சரக்குகளும் வெளியிலிருந்து வருகின்றன. காலி பீப்பாய்கள் ஆற்றில் மிதந்து ஏரி நகரத்துக்குத் திரும்புகின்றன. சிறைப்பட்ட 13 குள்ளர்களும் தப்பிப்பது அந்தப் பீப்பாய்களுக்குள் ஒளிந்துதான். ஆக, கதையின் பெரிய எஸ்கேப்பே ஒரு சப்ளை செயின் புண்ணியம்! ஆனால் பின்னால் வந்த பல ஃபேன்டசி கதைகள் பீப்பாயை மறந்துவிட்டு அங்கியை மட்டும் எடுத்துக்கொண்டன.

காடு சும்மா சோறு போடுமா?

போடாது. நிஜ உதாரணம், அமெரிக்காவின் கலிஃபோர்னியா. அங்கே யோசெமிட்டி பள்ளத்தாக்கில் வாழ்ந்த பூர்வகுடிகளின் முக்கிய உணவு ஓக் மரக் கொட்டை. அப்படியே வாயில் போட்டால் ஒரே கசப்பு. காயவைத்து, தோல் நீக்கி, இடித்து மாவாக்கி, தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கசப்பைப் போக்கி, அப்புறம்தான் கூழ் காய்ச்ச முடியும். அந்த ஓக் மரங்கள் செழிக்க, அடியில் வளரும் புதர்களை அவ்வப்போது அளவாகத் தீவைத்து எரித்தார்கள். மான் வேட்டையாடினார்கள். அதன் தோலைப் பதப்படுத்தி உடையாக்கினார்கள்.

மரத்திலிருந்து துணியே கிடைக்காதா என்றால், கிடைக்கும். உகாண்டாவில் முடுபா என்ற அத்தி இன மரத்தின் பட்டையை உரித்து, மரச்சுத்தியலால் மணிக்கணக்கில் அடித்து விரித்துத் துணியாக்குகிறார்கள். உரித்த இடத்தில் வாழை இலையைச் சுற்றிவிட்டால் மரம் மறுபடி பட்டை கட்டும். அங்கேயும் மரத்தை நட்டுப் பராமரிக்க ஆள் வேண்டும்.

இதில் நமக்கென்ன?

1851இல் யோசெமிட்டிக்குள் ஆயுதப் படை நுழைந்து அந்த மக்களை விரட்டியது. 1890இல் அது தேசியப் பூங்கா ஆனது. அந்த அழகிய புல்வெளிகளையும் ஓக் தோப்புகளையும் பார்த்த வெளியாட்கள், ‘மனிதக் கை படாத இயற்கை’ என்று வியந்தார்கள். உண்மையில் அது பல தலைமுறைகள் பராமரித்த இடம். தீ வைப்பது நின்றதும் ஊசியிலை மரங்கள் பெருகின. புல்வெளி சுருங்கியது, ஓக் மரங்கள் நிழலில் திணறின.

காடு தானாகவே எல்லாம் தரும் என்று நம்பினால், அங்கே வாழ்பவர்களின் உழைப்பு கண்ணில் படாது. உழைப்பு கண்ணில் படாவிட்டால், அவர்களை வெளியேற்றுவது ஒரு தவறாகவே தோன்றாது. எல்ஃப் கதைகள்தான் இதற்குக் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நோகாமல் வாழும் காட்டுவாசி என்ற அதே கற்பனையைத்தான் அவையும் நமக்கு ஊட்டுகின்றன.

அடுத்த ஃபேன்டசி சீரிஸ் எடுப்பவர்களுக்கு ஒரு சின்ன ரிக்வெஸ்ட்: வில்லை வளைக்கும் அந்த ஹீரோ, ஒரு சீனிலாவது உட்கார்ந்து கொட்டை உடைக்கட்டும். பார்க்க நாங்கள் ரெடி.