பால் கொடுக்கும் நேரமும் வேலை நேரமே

பிள்ளைக்கு ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று கிளினிக்கில் மருத்துவமாது ஒவ்வொரு தாய்க்கும் சொல்லி அனுப்புகிறார். நல்ல ஆலோசனைதான். ஆனால் பிரசவ விடுமுறை 84 நாட்கள். அதில் இரண்டு வாரம் பிரசவத்துக்கு முன்னதாகக் கணக்கு. பிள்ளைக்கு இரண்டரை மாதம் ஆகும்போது தாய் மலைக்கு, பிள்ளை பிள்ளைக்காம்பராவுக்கு. மீதி மூன்றரை மாதத்துக்குத் தாய்ப்பால் எப்படி?

இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939இல் வந்தது. பிறகு பல தடவை திருத்தப்பட்டது. மூன்றாம் பிள்ளைக்கு 42 நாட்கள் மட்டும் என்றிருந்த பாகுபாடு 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு ஒழிந்தது. அதே சட்டம், ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு ஒன்பது மணித்தியாலத்துக்குள் இரண்டு இடைவேளை கொடுக்க வேண்டும் என்கிறது. பிள்ளைக்காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணிக்குக் குறையக் கூடாது. இல்லாவிட்டால் ஒரு மணிக்குக் குறையக் கூடாது. சாப்பாட்டு நேரம் வேறு, இது வேறு. துரையோ கங்காணியோ மனமிரங்கித் தரும் சலுகை என்று யாரும் எண்ண வேண்டாம்.

மலையில் நடப்பது என்ன? "போகாதே" என்று யாரும் சொல்வதில்லை. தடை தராசில் இருக்கிறது. மேல்மலையிலிருந்து இறங்கிப் போய்த் திரும்பி ஏறவே அரை மணி போய்விடும். பிள்ளை குடித்து முடிக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு மணி. அதற்குள் பக்கத்து நிரைக்காரி இரண்டு கிலோ எடுத்துவிடுவாள். நிறுவையில் எல்லோருக்கும் ஒரே கணக்கு. கிலோ குறைந்தால் அரைப்பேர். பிள்ளைக்குப் பால் கொடுத்த குற்றத்துக்கு அரைநாள் சம்பளம் போகிறது! இதற்குப் பயந்து மார்பு கட்டிப்போன வேதனையோடு கொழுந்து பறிப்பவர்கள் எத்தனை பேர்? தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கட்டோடு நாளைக் கடத்தும் பிள்ளைகள் எத்தனை?

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. பாலூட்டும் தாய்க்கு, இடைவேளைக்குப் போகும் நேரத்துக்கு ஏற்றபடி கிலோவைக் குறைத்து முழுப்பேர் போட வேண்டும். அவரைப் பிள்ளைக்காம்பராவுக்குக் கிட்டிய மலையில் நிறுத்த வேண்டும். கடைசி நிறுவை முடிந்து தாய் வரும்வரை பிள்ளைக்காம்பரா திறந்திருக்க வேண்டும். "ஒருவருக்குக் குறைத்தால் எல்லோரும் கேட்பார்கள்" என்று நிர்வாகம் சொல்லக்கூடும். பிள்ளைக்கு ஒரு வயது நிறைந்ததும் முடிந்துபோகும் ஏற்பாடு இது. ஒரு டிவிசனில் ஒரே நேரத்தில் பாலூட்டும் தாய்மாரை விரல்விட்டு எண்ணிவிடலாம். இதனால் தோட்டம் நட்டப்பட்டுவிடாது.

நிர்வாகத்திடம் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும். கவ்வாத்து, மருந்தடிப்பு போன்ற வேலைக்குப் போகும் ஆண்கள் பெரும்பாலும் பகல் ஒன்று, இரண்டு மணிக்கே வீடு திரும்புகிறார்கள். பெண்கள் கொழுந்தை நிறுத்துவிட்டு வர ஐந்து மணியாகிறது. வந்த பிறகும் விறகு, தண்ணீர், அடுப்பு, பிள்ளை. இடையில் உள்ள மூன்று மணித்தியாலம் யாருடையது? பிள்ளைக்காம்பரா வாசலில் பிள்ளையைக் கூட்டிப்போக அப்பாமார் நிற்பதை அரிதாகவே காண்கிறோம். "அது பொம்பள வேலை" என்ற பேச்சை இனியும் எத்தனை தலைமுறைக்குச் சுமப்பது?

பால் கொடுக்க அப்பாவால் முடியாது. மற்றதெல்லாம் முடியும். குளிப்பாட்டலாம், சோறு ஊட்டலாம், கதை சொல்லலாம். அழுகிற பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துவிட்டுச் சந்திக்குப் போவதைவிட, தூக்கிக்கொண்டு லயத்து வாசலில் நாலு நடை நடக்கலாம். பிள்ளைக்குப் பேச்சு வருவது நாம் அதனோடு பேசுவதால்தான்.

சந்தா எல்லோருடைய சம்பளத்திலும் ஒரே மாதிரித்தான் வெட்டப்படுகிறது. ஆனால் தோட்டக் கமிட்டியில் சம்பளம், வீடு, கூரைத் தகரம் என்று எல்லாம் பேசுகிறோம். பாலூட்டும் தாயின் அரைப்பேரைப் பற்றிப் பேசுவதில்லை. அடுத்த கூட்டத்துக்கு முன், தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் சேர்ந்து டிவிசனில் ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மாரின் பட்டியலை எடுங்கள். சென்ற மாதம் ஒவ்வொருவருக்கும் எத்தனை அரைப்பேர் விழுந்தது என்று சம்பளத் துண்டைப் பார்த்து எழுதுங்கள். அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டுத் துரையிடம் பேச்சைத் தொடங்குங்கள்.