லைட் எரிகிற ஆறு விசிறி எதற்கு?

பழைய டெஸ்க்டாப் சூடாகிறது என்று சொல்லிப் பாருங்கள். நம் வயதுக்காரர்களிடம் இரண்டு பதில்தான் இருக்கும். ஒன்று, “குப்பையில் போடு.” இல்லையென்றால், “கலர் லைட் விசிறி ஆறு வாங்கிப் பூட்டு.” இரண்டுமே காசுக்குப் பிடித்த கேடு என்கிறேன் நான்.

நம்மில் பலருக்கு முதல் கம்ப்யூட்டர் அண்ணாவிடமோ மச்சானிடமோ இருந்து கைமாறி வந்தது. 2011இல் வந்த இன்டெல் ஐ5-2500கே மாதிரி ஒன்று. அதன் அடிப்படை வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். அண்ணாமார் அதை 4.5 வரை ஏற்றி, வோல்டேஜையும் கூட்டிவிட்டுத் தந்திருப்பார்கள்.

அங்கேதான் சூடு பிறக்கிறது. சிப் இழுக்கும் மின்சாரம் வேகத்துக்கு ஏற்றபடி கூடும். வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்தின்படி கூடும். 1.2 வோல்ட் 1.35 ஆகி, வேகமும் 3.3இலிருந்து 4.5 ஆனால், மின்சாரம் ஏறக்குறைய 1.7 மடங்கு. வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு லாபம் பார்க்க, சூட்டில் அதைப்போல் இரண்டு மடங்கு விலை கொடுக்கிறோம். ஆகவே முதலில் பயாஸுக்குள் போய் வேகத்தையும் வோல்டேஜையும் கொஞ்சம் இறக்குங்கள். செலவு ஒரு சதமும் இல்லை.

அடுத்தது தூசி. கார்ப்பெட் போட்ட பேஸ்மென்டில் பத்து வருஷம் கிடந்த ஹீட்சிங்க்கின் தகடுகளுக்குள் காற்றே போகாது. சிப்புக்கு மேலே பூசிய பேஸ்ட்டும் காய்ந்திருக்கும். துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள்.

விசிறி அதற்குப் பிறகுதான். பழைய 80 மில்லிமீட்டர் விசிறியைவிட 120 மில்லிமீட்டர் விசிறிக்குப் பரப்பு 2.25 மடங்கு. அதனால் மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தள்ளும், இரைச்சலும் குறையும். உங்கள் பெட்டியில் எந்த அளவுக்குத் துளை இருக்கிறது என்று அளந்துவிட்டு வாங்குங்கள். ஹீட்சிங்க்கில் பூட்டுவதென்றால் காற்றை அழுத்தித் தள்ளும் வகையைக் கேளுங்கள். முன்பக்கம் காற்று உள்ளே, பின்பக்கம் வெளியே. ஒன்றோ இரண்டோ போதும். மதர்போர்டில் விசிறிக்கான ஒரு இணைப்பு பெரும்பாலும் 1 ஆம்பியர்தான் தாங்கும். வயரைப் பிரித்து லைட்டும் விசிறியுமாக அதிலேயே தொங்கவிட்டால் போர்டே போய்விடும்.

“எப்படியும் அது பழசுதானே?” என்பீர்கள். உண்மைதான். விசிறி எதையும் வேகமாக்காது. சூட்டினால் வேகம் குறையாமல் காக்கும், அவ்வளவே. புது கேம்களுக்கு அந்த நாலு கோர் போதாது. விண்டோஸ் 11க்கும் அது ஆகாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. ஆனால் லினக்ஸ் போட்டால் அசைன்மென்ட் எழுத, கோட் பழக, படம் பார்க்க அது தாராளம்.

ஒரு நல்ல விசிறிக்கு ஒன்றிரண்டு மணிநேரப் பகுதிநேரச் சம்பளம் போதும். புது மெஷினுக்கு மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். அந்த மாதங்கள் உங்களுடையவை. லைட் விற்பவனுக்கு ஏன் கொடுக்கிறீர்கள்?