கட்டணம் கட்டினால் அறிவார்வம் வருமா?

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் ஏப்ரல் பிறந்ததும் களைகட்டும் கோடை முகாம்கள் ஒரே ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கின்றன. பிள்ளையின் அறிவார்வம் தானாக வளராது, தனிப் பாடத்திட்டமும் பயிற்றுநரும் கட்டணமும் சேர்ந்துதான் அதை வளர்க்க முடியும், விடுமுறையில் எதிலும் சேராத பிள்ளை பின்தங்கிவிடும் என்பதே அது. சிப்காட்டில் ஷிப்டுக்குப் போகிறவர் முதல் தினமும் அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூருக்குப் போய்வரும் மென்பொருள் பொறியாளர் வரை பலரும் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ரோபாட்டிக்ஸ், கோடிங், அபாகஸ், கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்க்கும் மெய்நிகர் விண்வெளி உலா என்று சரக்கு பலவிதம், வாக்குறுதி ஒன்றுதான். அந்த வாக்குறுதி தவறானது. அதை நம்புவதால் போவது பணம் மட்டும் இல்லை. பிள்ளையின் கையெட்டும் தூரத்தில் இருக்கும் படிப்பும் சேர்ந்து போகிறது.

இந்த நம்பிக்கை இங்கே ஆழமாக வேர்விட்டதற்கு வட்டாரத்தின் வரலாறு ஒரு காரணம். 1971இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்த பிறகு, 1980ஐ ஒட்டி டிவிஎஸ் மொபெட்டும் அசோக் லேலண்ட் லாரியும், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டன் கைக்கடிகாரமும் இந்த மண்ணிலிருந்து வெளிவந்தன. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2019இல் ஓசூர் மாநகராட்சியானது. அண்மை ஆண்டுகளில் போச்சம்பள்ளிப் பக்கம் மின்சார ஸ்கூட்டரும் தேன்கனிக்கோட்டைப் பக்கம் கைப்பேசிப் பாகங்களும் செய்யும் பெரிய ஆலைகள் எழுந்தன. ராகி விளைந்த நிலத்தில் ஒரு தலைமுறைக்குள் இத்தனையும் நடந்திருக்கிறது. எந்திரத்தால் வாழ்க்கை மாறிய குடும்பம், எந்திரத்தின் அறிவைப் பிள்ளைக்குச் சீக்கிரம் கொடுத்துவிட நினைப்பது இயல்பு. அந்த அக்கறையில் எந்தக் குறையும் இல்லை. அதை அச்சமாக மாற்றி விற்றவர்களைத்தான் கண்டிக்க வேண்டும்.

அப்படி விற்றதற்கு அழுத்தமான சான்று பக்கத்து ஊரிலேயே உண்டு. 2020இல் பொதுமுடக்கத்தின்போது பள்ளிகள் மூடிக் கிடந்தன. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பைஜூஸ் நிறுவனம், சிறுவர்களுக்கு இணையவழிக் கோடிங் கற்பித்த ஒயிட்ஹாட் ஜூனியரை 30 கோடி டாலருக்கு வாங்கியது. கோடிங் கற்ற சிறுவன் ஒருவனுக்குப் பெரிய நிறுவனத்தில் கோடிக்கணக்கில் சம்பளத்தோடு வேலை கிடைத்ததாக விளம்பரங்கள் பேசின. அந்தச் சிறுவன் கற்பனைப் பாத்திரம். இந்திய விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு மன்றம் தலையிட்ட பிறகு பல விளம்பரங்கள் திரும்பப் பெறப்பட்டன. 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்புள்ளதாகச் சொல்லப்பட்ட பைஜூஸ், 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் தள்ளப்பட்டது. நிறுவனம் சரிந்தது, அது விதைத்த அச்சம் சரியவில்லை. ஆறு வயதில் கோடிங் தொடங்காவிட்டால் காலம் கடந்துவிடும் என்ற பேச்சு இன்றும் டெமோ வகுப்புகளில் அப்படியே ஒலிக்கிறது.

அதற்கும் சில ஆண்டுகள் முன்பு தமிழ்நாட்டு நகரங்களில் ‘மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்’ முகாம்கள் பரவின. கண்ணைக் கட்டிய பிள்ளை புத்தகம் வாசிக்கும், நிறம் சொல்லும் என்றார்கள். பெற்றோர் ஆயிரக்கணக்கில் பணம் கட்டினார்கள். மங்களூரு பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் போன்றோர் மேடையில் சோதித்துக் காட்டியபோது உண்மை வெளிப்பட்டது: மூக்கை ஒட்டிய இடுக்கு வழியே பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த முகாம்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தது, பெரியவர்கள் மகிழ்வதற்காகப் பொய்யைத் தொடர்ந்து நடிப்பதை. கேள்வி கேட்கப் பழக வேண்டிய வயதில் இதைவிடப் பெரிய கேட்டை ஒரு பிள்ளைக்குச் செய்ய முடியாது.

மோசடிகளை விட்டுவிட்டு, நேர்மையாக நடத்தப்படும் வகுப்புகளையே எடுத்துக்கொண்டாலும் வாக்குறுதி நிற்பதில்லை. அபாகஸ் மூளைத்திறனையே கூட்டும் என்பது பரவலான கருத்து. குஜராத்தின் வதோதராவில் 200க்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து மூன்றாண்டுகள் நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. மனக்கண்ணில் மணிச்சட்டத்தை வைத்துக் கணக்கிடப் பயின்றவர்களில் ஒரு பகுதியினர் கூட்டல் பெருக்கலில் முன்னேறினார்கள். நினைவாற்றல், கவனம் போன்ற பொதுத் திறன்களில் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. கணக்குப் போடப் பழகினால் கணக்கு வரும். அதற்கு மேல் சொல்லப்படுவது வியாபாரப் பேச்சு.

மெய்நிகர் அனுபவத்துக்கும் இதே நிலைதான். டென்மார்க்கில் கல்லூரி மாணவர்களுக்கு ஓர் ஆய்வகப் பாடத்தைச் சாதாரணக் கணினித் திரையிலும் தலையில் மாட்டும் மெய்நிகர் கருவியிலும் கொடுத்து ஒப்பிட்டார்கள். அந்த ஆய்வு 2019இல் வெளியானது. கருவி மாட்டியவர்களுக்கு நேரில் இருக்கும் உணர்வு கூடியிருந்தது, கற்றது குறைந்திருந்தது. வியப்பும் அறிவும் ஒன்று என்று எண்ணுவதில்தான் பிழை தொடங்குகிறது. வியப்பு ஒரு நொடியில் வந்துவிடும். கேள்வி பிறக்கப் பொருளைத் திருப்பிப் பார்க்க வேண்டும், தட்டிப் பார்க்க வேண்டும், சில நேரம் உடைத்தும் பார்க்க வேண்டும். திரைக்குள் இருக்கும் செவ்வாய்க் கோளில் வடிவமைத்தவர் வைத்ததைத் தவிர வேறு எதையும் பிள்ளையால் கண்டுபிடிக்க முடியாது.

முகாமின் கடைசி நாளில் தரப்படும் சான்றிதழ், பதக்கம், மேடைப் புகைப்படம் ஆகியவற்றையும் ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர் லெப்பரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1973இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. வண்ணப் பேனாவால் ஆசையாக வரைந்துகொண்டிருந்த மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு குழுவிடம், வரைந்தால் பரிசுப் பட்டயம் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். பட்டயம் கிடைத்துச் சில நாள் கழிந்த பிறகு, அந்தக் குழுப் பிள்ளைகள் பேனாவைத் தொடுவது குறைந்துவிட்டது. தானாக வந்த ஆர்வத்துக்குக் கூலி வைத்தால் ஆர்வம் கூலியோடு போய்விடுகிறது. அறிவார்வத்தை வளர்ப்பதாகச் சொல்லும் முகாம்கள் பலவும் இதே தவறை விளம்பரத்தின் முதல் வரியில் வைத்திருக்கின்றன.

இனி இந்த வட்டாரத்தில் கட்டணமில்லாமல் கிடப்பதைப் பார்க்க வேண்டும். ஓசூரை ஒட்டிய கெலவரப்பள்ளி அணைக்குத் தென்பெண்ணை நீர் வருகிறது. பெங்களூரின் பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவும் அதில் கலக்கிறது. மதகு திறக்கும்போது ஆற்றில் வெண்ணுரை மலைபோல எழுவதைச் செய்தியில் பார்க்காத ஓசூர்க்காரர் இருக்க மாட்டார். அணைக்குள் அமைதியாகக் கிடக்கும் நீர் மதகைத் தாண்டியதும் ஏன் நுரைக்கிறது? சோப்புத்தூளுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? மழைக்காலத்தில் நுரை கூடுவது ஏன்? ஒரு மாநிலத்துச் சாக்கடை இன்னொரு மாநிலத்து வயலுக்கு வந்தால் யாரைக் கேட்பது? பரப்பு இழுவிசையில் தொடங்கும் கேள்வி, 2018இல் பெள்ளந்தூர் மாசுக்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த அபராதம் வரை போகும். மாசுபட்ட ஆறு என்பதால் பிள்ளைகளை இறங்கவிடக் கூடாது. கரையில் பெரியவர் ஒருவர் உடன் நிற்க வேண்டும். தேவைப்படும் ஏற்பாடு அவ்வளவுதான்.

மாவட்டத்தின் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்கு கி.மு. 2172 என்று காலம் கணிக்கப்பட்டதை 2022 மே மாதம் தமிழ்நாடு அரசு சட்டமன்றத்தில் அறிவித்தது. இந்தியாவின் இரும்பு வரலாற்றைத் திருத்தி எழுத வைத்த ஊர்களில் ஒன்று இந்த மாவட்டத்தில் இருக்கிறது. மல்லச்சந்திரத்தில் பாறைமேல் நிற்கும் பெருங்கற்காலக் கல்திட்டைகளையும், ஊர் எல்லைகளில் நிற்கும் நடுகற்களையும், கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தையும் பார்த்திராத பிள்ளைகள், பணம் கட்டித் திரையில் எகிப்தின் பிரமிடைச் சுற்றிவருகிறார்கள். எகிப்தைப் பார்ப்பதில் தவறில்லை. தன் ஊர்க் கல்லைத் தடவிப் பார்த்த பிள்ளைக்குத்தான் எகிப்தின் கல்லும் பேசும்.

மத்திகிரி கால்நடைப் பண்ணை 1824இல் தொடங்கியது. அங்கே குதிரை வளர்க்க வெள்ளையர் இந்தத் தட்பவெப்பத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும், அதே குளிர்ச்சியை நம்பி இன்று ரோஜாப் பசுமைக்குடில்கள் நிற்பதும் ஒரே பாடத்தின் இரு பக்கங்கள். பெங்களூரா மாம்பழம் கூழாகி ஏற்றுமதியாவது, பன்னேருகட்டாப் பக்கமிருந்து யானைகள் ஆண்டுதோறும் ராகி அறுவடையை ஒட்டித் தளி, ஜவளகிரிக் காடுகளுக்கு வருவது என்று பட்டியல் நீளும். மொழியும் அப்படித்தான். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே தெருவில் புழங்க, வேலை தேடி வந்தவர்களின் இந்தியும் ஒடியாவும் அவற்றோடு சேர்ந்துவிட்டன. மூன்று மொழியில் சண்டை போடத் தெரிந்த பிள்ளையை ஆங்கிலப் பேச்சு முகாமில் உட்காரவைத்து ‘தொடக்க நிலை’ என்று முத்திரை குத்துவது அநீதி.

தொழிற்சாலைகளைத் தனியாகவே பேச வேண்டும். டைட்டன் தொடங்கிய காலத்தில் பள்ளிப் படிப்பு மட்டுமே முடித்த கிராமத்து இளைஞர்களைப் பெருமளவில் வேலைக்கு எடுத்தது. மயிரிழை பிசகாத வேலையை அவர்கள் கருவியைக் கையில் பிடித்து, தெரிந்தவர் பக்கத்தில் நின்று திருத்தத் திருத்தக் கற்றார்கள். சிறுவயதில் எந்தச் செறிவூட்டல் வகுப்புக்கும் போகாதவர்கள் அவர்கள். அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று பிளாஸ்டிக் பெட்டியில் வரும் ரோபோவைக் கையேட்டில் சொன்னபடி கோக்கிறார்கள். வகுப்பு முடிந்ததும் அது மறுபடி பெட்டிக்குள் போய்விடுகிறது. தாத்தா எந்த எந்திரத்தில் நின்றார், அது எப்படி ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது. தெரிந்துகொள்ள ஆலைக்கதவு திறப்பதும் அரிது.

முகாம்களுக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் வலுவான வாதம் ஒன்று உண்டு. தாய் தந்தை இருவரும் ஷிப்டுக்குப் போனால், பள்ளி இல்லாத மே மாதத்தில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? இது உண்மையான நெருக்கடி. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 30க்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. அதுவும் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான். ஏழு வயதுப் பிள்ளைக்குச் சட்டத்தில் இடமில்லை. அந்த வெற்றிடத்தை முகாம் நிரப்புகிறது என்றால், அதைப் பாதுகாப்பான இடம் என்றே சொல்லி, அதற்குரிய கட்டணத்தை வாங்கலாம். நீச்சலும் சதுரங்கமும் சொல்லித்தரும் முகாம்களில் பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். அதை மறுக்கத் தேவையில்லை. கண்டனம், காப்பகத்தை அறிவியல் என்று சொல்லி விற்பதன் மேல்தான். செங்கல் சூளையிலும் கல்குவாரியிலும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் காப்பகமும் கிடையாது. கட்டணமே ஆர்வத்தின் அளவுகோலாகும்போது அவர்கள் ஆர்வமற்றவர்களாகக் கணக்கில் எழுதப்படுகிறார்கள்.

வேறு வழி இருப்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே காட்டியிருக்கிறது. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், ‘துளிர்’ இதழையும் துளிர் இல்லங்களையும் ஆசிரியர்களின் மாலைநேர உழைப்பில் நடத்தியது. 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, தாங்களே அளந்து, விசாரித்து, எழுதிக் கொண்டுவர வேண்டும். 2022 நவம்பரில் அரசு தொடங்கிய வானவில் மன்றம், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை அறிவியல் சோதனைகளை வகுப்பறைக்கே கொண்டுசெல்கிறது. இவற்றிலும் குறைகள் உண்டு. ஆள் போதாது, தொடர்ச்சி அறுபடும். ஆனால் இவை பிள்ளையை வாடிக்கையாளராக நடத்துவதில்லை.

பெற்றோர் ஏற்கெனவே ஒரு கட்டணம் செலுத்திவருவதையும் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. ஓசூரில் வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதைக் கட்டுகிறார்கள். இரண்டாம் ஷிப்டு முடியும்வரை திறந்திருக்கும் சிறுவர் பகுதி, தமிழோடு தெலுங்கிலும் கன்னடத்திலும் உருதுவிலும் புத்தகம், உடைத்துப் பார்க்கப் பழைய மோட்டாரும் கடிகாரமும் வைத்த ஒரு மேசை ஆகியவற்றை அந்த வரிக்கு ஈடாகக் கேட்பது உரிமை.

ஆலைகளிடமும் கேட்க வேண்டும். 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. பள்ளிக்குப் பெயிண்ட் அடித்துப் பெயர்ப்பலகை மாட்டுவதோடு அந்தப் பணி முடிந்துவிடக் கூடாது. மாதம் ஒரு சனிக்கிழமை, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வரிசையில் நடத்திக் கூட்டிப்போகும் சுற்றுலாவாக இல்லாமல், தரப் பரிசோதனையில் கழிக்கப்பட்ட ஒரு கியரையோ கடிகார எந்திரத்தையோ கையில் கொடுத்து, அது ஏன் கழிக்கப்பட்டது என்பதைப் பிள்ளைகளே அளந்து கண்டுபிடிக்க விட வேண்டும். அளவுகோலைப் பிடிக்கச் சொல்லித்தர, ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் மூக்கண்டப்பள்ளியிலும் பாகலூரிலும் மத்திகிரியிலும் இருக்கிறார்கள்.