ஆங்கில எழுத்தில் தமிழ் ஜெபம் போதுமா?

மும்பையில் உள்ள தமிழ்ச் சபைகள் சிலவற்றில் பாட்டுப் புத்தகத்தின் இடத்தை இன்று திரை பிடித்துக்கொண்டது. அந்தத் திரையில் தமிழ்ப் பாட்டு ஆங்கில எழுத்தில் வருகிறது. தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளும் சேர்ந்து பாடட்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்த ஏற்பாடு இது. புறநகரில் ஒரு தமிழ்ச் சபையின் போதகராகிய நானும் அந்த நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆனாலும் இந்த ஏற்பாடு நமக்கு உதவியாக இல்லை, நம்மைச் சோம்பேறிகளாக்குகிறது என்பதே என் கருத்து.

இதைச் சபைக்குள் பேசி முடிக்காமல் சங்கப் பத்திரிகையில் எழுதக் காரணம் உண்டு. தமிழ் பேசத் தெரிந்து, வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் கிறிஸ்தவ வீடுகளில் மட்டுமா இருக்கிறார்கள்? திருப்பாவையையும் தேவாரத்தையும் ஆங்கில எழுத்தில் வைத்துப் படிக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும்.

முதலில், ஆங்கில எழுத்தில் எழுதும்போது என்ன தொலைகிறது என்று பாருங்கள். பாவத்தின் 'கறை' நீங்க வேண்டும் என்று பெரியவர்கள் பாடுகிறார்கள். திரையைப் பார்க்கும் பிள்ளைக்கு அது கடற்'கரை'யா, துணியில் படிந்த 'கறை'யா என்று தெரிய வழியில்லை. இரண்டுக்கும் அங்கே ஒரே எழுத்துகள். 'மனம்' எது, 'மணம்' எது என்றும் தெரியாது. இயேசு காட்டிய 'வழி'யை எங்கள் பிள்ளைகள் சிலர் 'வலி' என்றே பாடுகிறார்கள்! ராகம் சரியாக இருக்கிறது, பொருள் போய்விடுகிறது. பொருள் அறியாமல் பாடுவது ஆராதனை ஆகுமா?

தமிழ்க் கிறிஸ்தவம் இந்தக் கட்டத்தை முன்பே ஒரு முறை கடந்து வந்திருக்கிறது. 1554இல் லிஸ்பன் நகரில் தமிழ் ஜெபங்களும் போதனைகளும் அடங்கிய ஒரு சிறு நூல் அச்சாயிற்று. தமிழ் எழுத்து அச்சு அப்போது இல்லாததால் அதிலிருந்த தமிழை ரோமன் எழுத்தில்தான் அச்சிட்டார்கள். அதுவே போதும் என்று அவர்கள் இருந்துவிடவில்லை. தமிழ் எழுத்துகளை வார்த்தெடுத்து, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்க நூலை அச்சிட்டார்கள். இந்திய மொழிகளிலேயே தன் சொந்த எழுத்தில் முதலில் அச்சேறியது தமிழ் என்ற பெருமை இப்படித்தான் வந்தது. அந்நியராகிய பாதிரிமார் 24 ஆண்டுகளில் விட்டு வெளியேறிய இடத்துக்கு, தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த நாம் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறோம்.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு மணலில் விரலால் எழுதும் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் எழுத்தைக் கற்றார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. ஜனங்கள் தாங்களே வாசித்து அறியவேண்டும் என்பதற்காகவே கோயிலுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடமும் எழும்பியது. அந்தப் பள்ளிக்கூடங்களில் படித்த பாட்டன் பூட்டன்மாரின் வழியாக வந்தவர்கள்தான் நம்மில் பலர்.

"எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் பாட்டிக்கு விசுவாசம் இல்லையா, ஐயா?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். இருந்தது, என்னுடையதைவிடப் பெரிதாகவே இருந்திருக்கும். ஆனால் அந்தப் பாட்டிக்கு மாலை ஜெபத்தில் வாசித்துக்காட்ட மகனோ மகளோ வீட்டில் இருந்தார்கள். இன்று நிலைமை தலைகீழ். பாட்டிக்கு வாசிக்கத் தெரியும், கண்தான் தெரியவில்லை; பேரனுக்குக் கண் தெரியும், எழுத்து தெரியவில்லை.

பழைய குடும்ப வேதாகமங்களின் முன்பக்கத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பிறப்பு, ஞானஸ்நானம், விவாகம், மரணம் எல்லாவற்றையும் வீட்டுப் பெரியவர் தம் கையால் தேதியோடு எழுதி வைத்திருப்பார். ஒரு வாலிபன் அப்படிப்பட்ட புத்தகத்தை என்னிடம் கொண்டுவந்து, "தாத்தா என்ன எழுதியிருக்கிறார் ஐயா?" என்று கேட்டான். அவன் பிறந்த நாளையும், அவனுக்காகத் தாத்தா எழுதிய ஒரு வரி ஜெபத்தையும் நான் வாசித்துக் காட்டினேன். அவனுக்காகவே எழுதியது, அவனால் வாசிக்க முடியவில்லை.

வேதாகமத்தை மட்டும் வாசிக்கக் கற்றால் போதும் என்றும் நான் சொல்லமாட்டேன். தமிழ் ஞாயிற்றுக்கிழமை மொழியாகிவிட்டால், விசுவாசமும் ஞாயிற்றுக்கிழமை விசுவாசமாகிவிடும். 'கிருபை', 'நீதிமான்', 'இரட்சிப்பு' என்ற சொற்கள் பிள்ளைக்குப் புரியவேண்டுமானால், அவன் திங்கட்கிழமையும் தமிழில் எதையாவது வாசிக்கவேண்டும். கதைப் புத்தகம் உலகக் காரியம், அது வேண்டாம் என்று சொல்லும் விசுவாசிகள் உண்டு. 1879இல் வெளிவந்த தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஒரு கிறிஸ்தவர் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன். பனியன் ஆங்கிலத்தில் எழுதிய மோட்சப் பயணக் கதையை எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 'இரட்சணிய யாத்திரிக'மாகப் பாட முடிந்தது எப்படி? கம்பனை அவர் கரைத்துக் குடித்திருந்தார்.

மராட்டிய மண்ணில் பிழைக்கும் நமக்கு இன்னும் நெருக்கமான ஓர் உதாரணம் உண்டு. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியும், 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய வேதநாயக சாஸ்திரியாரும் சுவார்ட்ஸ் ஐயரிடம் பாடம் படித்தவர்கள். மன்னர் தம் மதத்திலேயே இருந்தார். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தார். சாஸ்திரியாரோ நம் குறவஞ்சியை எடுத்துக் கிறிஸ்துவைப் பாடினார். புத்தகம் இருவரையும் பெரியவர்களாக்கியது.

"எனக்கே வயதாகிவிட்டது, இனி எங்கே கற்பது?" என்று சொல்லும் தாய்மார்கள் லட்சுமிபாய் திலக்கை நினைத்துக்கொள்ளுங்கள். மராத்திக் கிறிஸ்தவக் கவிஞர் நாராயண் வாமன் திலக்கின் மனைவி அவர், பள்ளிக்கூடம் போகாதவர். 1930களில் வெளிவந்த அவருடைய தன்வரலாறான 'ஸ்மிருதி சித்ரே' இன்றும் மராத்தி இலக்கியத்தின் சிறந்த நூல்களுள் ஒன்று.

ஆகவே என் யோசனை எளியது. திரையில் தமிழ் எழுத்தும் வரட்டும். ஆங்கில எழுத்து அதன் கீழே சிறிதாக இருக்கட்டும். ஓய்வுநாள் பள்ளி முடிந்ததும் அரைமணி நேரம் தமிழ் எழுத்து வகுப்பு நடக்கட்டும். ஆண்டுக்கு 52 ஞாயிறு என்றால் 26 மணி நேரம். 247 எழுத்து என்று பயப்படவேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மற்றவையெல்லாம் இவற்றின் சேர்க்கை. பள்ளியில் மராத்தி பாராகடி ஒப்பிக்கும் பிள்ளைக்கு க, கா, கி, கீ என்ற வரிசை புதிதல்ல. பழைய மொழிபெயர்ப்பு கடினமாக இருந்தால், கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியத்தின் இக்காலத் தமிழில் தொடங்கலாம்.

சங்க அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சபையில் கரும்பலகையும் பெஞ்சும் இருக்கின்றன. உங்களிடம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள். 'அ' எழுதுவதற்கு மதம் கிடையாது. எந்த வீட்டுப் பிள்ளையானாலும் அனுப்புங்கள். எழுத்தைக் கற்றுக்கொண்ட பிறகு, தேவாரமோ திருக்குறளோ திருவிவிலியமோ, அவரவர் வீட்டுப் புத்தகத்தை அவர்களே வாசித்துக்கொள்ளட்டும்.