வீட்டு மேசையில் ஜி1000

வீட்டுக் கணினியில் ஓடும் ஃபிளைட் சிமுலேட்டரைப் பற்றி விமானப் பயிற்றுநர்களிடையே இரண்டு கட்சி உண்டு. அது வெறும் விளையாட்டு, அதில் பழகி வருபவரைத் திருத்துவதற்கே தனியாக நேரம் வேண்டும் என்பது ஒரு கட்சி. மாணவருக்கு அதைவிடச் சிக்கனமான உதவி வேறில்லை என்பது மற்றது. சிமுலேட்டர் உதவுமா, உதவாதா என்று மொத்தமாகக் கேட்பதால் வரும் சண்டை இது. விமானத்தை ஓட்டுவது ஒரு வேலை. அதிலிருக்கும் மின்னணுக் கருவிகளை, அதாவது ஏவியானிக்ஸை, இயக்குவது இன்னொரு வேலை. வீட்டு சிமுலேட்டர் முதல் வேலைக்கு மோசமான வாத்தியார். இரண்டாவதற்கு அருமையான வாத்தியார்.

அந்த இரண்டாவது வேலை இவ்வளவு பெரிதாகி இருபது ஆண்டுகள்தான் ஆகின்றன. செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களில் அதற்கு முன்பு விமானியின் எதிரே இருந்தவை வட்ட முகப்புக் கருவிகள். வேகத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று, திசைக்கு ஒன்று. முள்ளைப் பார்த்தால் போதும். 2004-இல் கார்மின் நிறுவனத்தின் ஜி1000 சிறு விமானங்களுக்குள் வந்ததும் இவை எல்லாம் 10.4 அங்குலத் திரைகள் இரண்டுக்குள் அடங்கிவிட்டன. இடப்பக்கத் திரையில் பறப்புத் தகவல். வலப்பக்கத்தில் வரைபடமும் எஞ்சின் நிலவரமும். ஒவ்வொரு திரையின் அடியிலும் 12 பொத்தான்கள். திறந்திருக்கும் பக்கத்துக்கு ஏற்ப அவற்றின் வேலை மாறும். வலது கீழ் மூலையில் இருக்கும் குமிழ் இரட்டை வளையம் கொண்டது. வெளிவளையம் ஒன்று செய்யும், உள்வளையம் வேறொன்று செய்யும், அழுத்தினால் மூன்றாவதாக ஒன்று நடக்கும்.

வசதி கூடியதோடு அபாயம் தானாகக் குறைந்துவிடவில்லை. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதை ஆராய்ந்து 2010-இல் அறிக்கை வெளியிட்டது. 2002 முதல் 2006 வரை தயாரான சிறு விமானங்களை எடுத்துக்கொண்ட ஆய்வு அது. திரை வைத்த விமானங்களுக்கு மொத்த விபத்து விகிதம் குறைவு, உயிரிழப்பு விபத்து விகிதமோ அதிகம் என்பது அதன் முடிவு. அந்த விமானங்களை நெடுந்தூரத்துக்கும் மோசமான வானிலையிலும் கூடுதலாக ஓட்டியதும் காரணங்களில் ஒன்று. ஆனாலும் அந்தந்தக் கருவிக்கென்றே தனிப் பயிற்சி வேண்டும் என்று வாரியம் வலியுறுத்தியது.

என்ன பயிற்சி என்பதற்கு ஒரே ஓர் உதாரணம். கலிஃபோர்னியாவில் லிவர்மோர் விமான நிலையம். மேகத்துக்குள்ளிருந்து ஓடுபாதை 25ஆர்-க்கு, தரையிலிருந்து ரேடியோ அலையால் வழிகாட்டும் ஐஎல்எஸ் வழியாக இறங்க வேண்டும். புரொசீஜர் பொத்தானை அழுத்தி, இறங்கும் முறையைத் தேர்ந்து, எந்தப் புள்ளியிலிருந்து தொடங்குவது என்று சொன்னால் பாதை வரைபடத்தில் வந்துவிடும். ஐஎல்எஸ் அலைவரிசையையும் கருவியே எடுத்து வைக்கும். இதுவரை சிரமமில்லை. திரையின் நடுவே இருக்கும் திசை ஊசி மெஜந்தா நிறத்தில் இருந்தால் அது ஜிபிஎஸ்-ஐப் பின்தொடர்கிறது. பச்சையாக இருந்தால் தரையிலிருந்து வரும் ரேடியோ அலையை. ஐஎல்எஸ்-இல் இறங்க அது பச்சையாக வேண்டும். நிபந்தனைகள் பொருந்தினால் ஜி1000 தானாக மாற்றிக்கொள்ளும். பொருந்தாவிட்டால் விமானிதான் மாற்ற வேண்டும். மெஜந்தாவிலேயே விட்டுவிட்டு ஆட்டோபைலட் பார்த்துக்கொள்ளும் என்று உட்கார்ந்திருந்தால், இறங்குபாதை அலையை அது பிடிக்காது; விமானம் அதே உயரத்தில் போய்க்கொண்டே இருக்கும். திரையின் மேல்விளிம்பில் இரண்டு நிறங்களில் சிறு எழுத்துகள் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். வெள்ளை என்றால் ஆட்டோபைலட் காத்திருக்கிறது. பச்சை என்றால் பிடித்துவிட்டது. பொத்தானை அழுத்தியதோடு வேலை முடிந்ததாக நினைக்காமல் அந்த எழுத்தைப் படிக்கும் பழக்கம் வர வேண்டும். என்னைக் கேட்டால் ஏவியானிக்ஸ் பயிற்சியில் பாதி இதுதான்.

இந்தப் பழக்கத்தை எஞ்சின் ஓடும் விமானத்தில் உட்கார்ந்து வளர்த்துக்கொள்வது பணத்தைக் கொட்டும் வேலை. வீட்டில் விமானத்தை லிவர்மோருக்குப் பதினைந்து மைல் முன்னால் நிறுத்தி, சிமுலேஷனை இடைநிறுத்தி, யோசித்து, அழுத்தி, மறுபடி ஓட விடலாம். தவறினால் திரும்பவும் அதே பதினைந்து மைல். தட்டச்சு பழகியவர் விசையைத் தேடாததுபோல விரல் தானாகப் போகும்வரை செய்யலாம். முழுப் பயணத்தையும் ஓட்டிப் பொழுதைக் கழிக்கத் தேவையில்லை. பக்கத்தில் கார்மினின் விமானி கையேடு இருக்கட்டும். அந்தந்த விமான வகைக்கான கையேட்டை அதன் தளத்திலிருந்தே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

கருவி பழுதாகும் நிலையையும் இங்கே நிதானமாகப் பழகலாம். இடப்பக்கத் திரை அணைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரு திரைகளுக்கும் நடுவே ஆடியோ பலகையில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் பறப்புத் தகவல் வலப்பக்கத் திரைக்கு வந்துவிடும். வரைபடம் ஒரு மூலையில் சிறு கட்டமாகச் சுருங்கிவிடும். பொத்தான் எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். சுருங்கிய அந்தப் படத்தை வைத்துக்கொண்டு, கழுத்தைப் பக்கவாட்டில் திருப்பியபடி இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு.

சிமுலேட்டர் பொய் சொல்லும் இடங்களும் தெரிந்திருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020-இல் வந்தபோது அதன் ஜி1000-இல் பல வசதிகள் அரைகுறையாக இருந்தன. ஒர்க்கிங் டைட்டில் என்ற மென்பொருள் குழு, ஜி1000-இன் புதிய தலைமுறையான என்எக்ஸ்ஐ பதிப்பை எழுதிச் சேர்த்த பிறகுதான் அது நம்பிப் பழகும் அளவுக்கு வந்தது. ஆனால் நீங்கள் ஓட்டப்போகும் விமானத்தில் பழைய ஜி1000 இருக்கலாம். பக்கங்களின் வரிசை மாறும். நிஜ விமானத்தின் வழித்தடத் தரவு 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. வீட்டில் ஓடுவது போன ஆண்டுத் தரவாக இருக்கலாம். அப்புறம் மவுஸ். குலுங்கும் விமானத்தில் இரட்டை வளையத்தில் உள்வளையத்தை மட்டும் திருப்புவது என்னவென்று மவுஸுக்குத் தெரியாது. குமிழோடு கூடிய போலிப் பலகைகள் விற்கின்றன, விலையும் அதற்கேற்றபடி. தொடக்கத்திலேயே அதில் பணம் போட வேண்டியதில்லை.

மணிக்கணக்கு விஷயத்தில் குழப்பம் வேண்டாம். வீட்டு மேசையில் கழித்த நேரம் பறப்புப் பதிவேட்டில் ஏறாது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அங்கீகரித்த பயிற்சிக் கருவியில் பயிற்றுநரோடு செய்தால்தான் கணக்கு: கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு அடிப்படை வகைக் கருவியில் 10 மணி நேரம் வரை, மேம்பட்ட வகையில் 20 மணி நேரம் வரை. வீட்டுப் பயிற்சியின் பலன், காசு கொடுத்துப் பறக்கும் மணி நேரம் பொத்தான் தேடுவதில் கரையாமலிருப்பதுதான்.

பயிற்றுநர்களின் முதல் கட்சி சொல்வதில் ஒன்றை மட்டும் தள்ளிவிட முடியாது. சிமுலேட்டரில் பழகியவரின் கண் திரையை விட்டு வெளியே போகாது. வீட்டில் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லை. உண்மையில் எதிரே இன்னொரு விமானம் வரலாம். அப்படிப்பட்ட மாணவர் வந்தால் சில பயிற்றுநர்கள் திரையின் வெளிச்சத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, அடிவானத்தை மட்டும் பார்த்து ஓட்டச் சொல்கிறார்கள். வீட்டில் ஏற்கெனவே பழகியிருந்தால் இதை நீங்களே முதல் நாளில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. பொத்தான்களை இரண்டாவது வாரம் காட்டிக்கொள்ளலாம்.