கீழ்க்காய்நெல்லியும் செங்கண்மாரியும்

மாரிமழை விட்டுச் சில வாரங்களில் யாழ்ப்பாணத்து வளவுகளிலும் வேலியோரங்களிலும் எவரும் விதைக்காமலே முளைத்து நிற்கும் சிறுசெடி கீழ்க்காய்நெல்லி. இலைவரிசையின் அடிப்புறத்தில் சின்னஞ்சிறு காய்கள் தொங்குவதால் வந்த பெயர். தமிழ்நாட்டார் கீழாநெல்லி என்பர், சிங்களத்தில் பிட்டவக்கா. செங்கண்மாரி என்றதும் எம்மவர் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது வைத்தியசாலை அன்று, இந்தச் செடிதான். வேரோடு பிடுங்கிக் கழுவி, அம்மியில் அரைத்து, பாக்களவு எடுத்து, ஆட்டுப்பாலிலோ மோரிலோ கரைத்து வெறுவயிற்றில் குடிப்பார்கள். உப்பும் எண்ணெயும் விலக்கிய பத்தியம் வேறு. சில நாட்களில் கண் வெளுத்துவிடும் என்பர். பெரும்பாலும் வெளுத்தும் விடுகிறது.

அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லைப் பற்றியே இங்கு எழுத வேண்டியிருக்கிறது.

எமது நாட்டில் கூட்டமாகப் பரவும் செங்கண்மாரி பெரும்பாலும் ஏ வகை வைரஸினால் வரும் ஈரல் அழற்சியாகும். அசுத்தமான நீரும் உணவும் அதன் வழி. 2007 இல் கம்பளையில் பரவியதும், 2009 இல் வவுனியா அகதி முகாம்களில் பரவியதும் இதுவே. இந்நோய் கண்டவர்களில் மிகப் பெரும்பாலானோர், ஓய்வெடுத்தால், சில வாரங்களில் தாமாகவே குணமடைவர். அந்த நாட்களில் எதைக் குடித்தாலும் குடித்ததற்கே பெருமை போய்ச் சேரும்.

அதற்காக மூலிகையைப் பழிப்பது என் நோக்கமன்று. கைப்புச் சுவை பசியைத் தூண்டும் என்பதை எமது பாட்டிமார் அறிந்திருந்தனர். மந்தத்திற்கும் வயிற்றுப் பொருமலுக்கும் இதனைக் கொடுத்தனர். விஞ்ஞானிகளும் இச்செடியைப் புறக்கணிக்கவில்லை. பி வகை வைரஸைக் கண்டறிந்து 1976 இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பேர்க், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியாகராஜன் முதலானோருடன் சேர்ந்து செய்த ஆய்வு 1988 இல் 'லான்செற்' இதழில் வெளியாயிற்று. பி வகை வைரஸை நெடுநாள் சுமந்திருந்தோருக்கு முப்பது நாட்கள் கீழ்க்காய்நெல்லித் தூள் கொடுக்கப்பட்டது. 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. வெறும் தூள் பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நிகழ்ந்தது. வேலியோரச் செடிக்குக் கிடைத்த மகத்தான வரவேற்பு அது!

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1990 இல் தாய்லாந்திலும் 1994 இல் நியூசிலாந்திலும் வெளியான ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011 இல் எல்லா ஆய்வுகளையும் ஒன்றுசேர்த்து எடைபோட்ட கொக்ரேன் மதிப்பீடும் நம்பத்தக்க சான்று போதாது என்றே கூறிற்று. முதற்பாதியை மட்டும் எடுத்து 'விஞ்ஞானம் ஒப்புக்கொண்டது' என்று அரைப்பத்தி எழுதுவது பத்திரிகைத் தொழிலில் மிக இலகுவான காரியம். மறுபாதிக்கு ஏனோ இடம் கிடைப்பதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே தோற்றமுடைய பல இனங்கள் இந்தப் பெயருக்குள் அடங்கியுள்ளன. சென்னையில் ஆராயப்பட்ட இனமும் எமது வளவில் முளைப்பதும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. 'ஈரல் காக்கும்' என்று அச்சிட்டுக் கடைகளில் விற்கும் தூளில் எந்த இனம் அரைபட்டிருக்கிறது என்பதை வாங்குபவர் எவ்வாறு அறிவார்?

யாவற்றிலும் பெரிய ஆபத்து, மஞ்சள் நிறத்தையே நோயென்று கொள்வதாகும். செங்கண்மாரி ஒரு குறியே. பித்தப்பாதையில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும். அங்கே புற்று வளர்ந்தாலும் ஆகும். எலிக்காய்ச்சல் முற்றினாலும் ஆகும். 2024 நவம்பர் வெள்ளத்தின் பின், டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் காவுகொண்டதை நாம் மறந்துவிடலாகாது. வேளைக்குச் சென்றால் பெனிசிலினோ டொக்சிசைக்கிளினோ காப்பாற்றக்கூடிய நோய் அது. சேற்றில் இறங்கி வேலை செய்த ஒரு கமக்காரர், காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டு, கண்ணும் மஞ்சளாகிச் சிறுநீரும் குறையும்போது, மூன்று நாள் மோரில் கரைத்துக் குடித்துப் பார்ப்போம் என்று வீட்டிலிருந்தால், சிறுநீரகம் அதுவரை காத்திராது.

இதில் சித்த வைத்தியத்தைக் குற்றஞ்சாட்டுவது அநீதி. நாடி பார்த்து, நீர் பார்த்து, காமாலையில் இன்ன வகை என்று பிரித்தறிந்த பின்னரே மருந்து சொன்னவர்கள் எமது பரியாரிமார். நாம் அவர்களிடமிருந்து செடியை மட்டும் பிடுங்கிக்கொண்டு, நோய் கணிக்கும் கலையை அவர்களிடமே விட்டுவிட்டோம்.

யாழ் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவக் கல்வி 1984 இல் தொடங்கியது. அது நடைபெறும் கைதடிக்கும் யாழ் போதனா வைத்தியசாலைக்கும் இடையே சில கிலோமீற்றர் தூரமே. எமது வளவுகளில் முளைக்கும் இனங்கள் எவை, எந்த அளவில் எந்த நோயாளிக்குப் பயன் தருகின்றன என்பதை இரு தரப்பாரும் ஒன்றாக அமர்ந்து ஆராய்வதற்கு இந்த மண்ணைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. அதுவரை, கண் மஞ்சளான எவரும் முதலில் அரசாங்க வைத்தியசாலையில் இரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அதற்கு அங்கே பணம் கேட்பதில்லை. அந்த அறிக்கையைப் பார்த்த பின் பரியாரியார் கீழ்க்காய்நெல்லி அரைக்கச் சொன்னால், வைத்தியரிடமும் அதனை மறைக்காமல் சொல்லிவிட்டு அரைக்கலாம்.